மைகிட் எண்ணின் மூன்றாவது, நான்காவது இலக்கம்: 12 வயதுக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் முன்

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஏதாவது ஒன்றில் நீங்கள் விளையாட்டுப் பொறுப்பாசிரியராக இருந்தால், மாவட்டப் போட்டிக்கு அனுப்பிய பழைய பெயர்ப் பட்டியல்கள் எங்காவது ஒரு கோப்பில் கிடக்கும். அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்குப் பக்கத்தில் மைகிட் எண், அதாவது மலேசியப் பிள்ளைகளின் அடையாள அட்டை எண், இருக்கும். முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். ஆண்டை விட்டுவிடுங்கள். மூன்றாவது, நான்காவது இலக்கத்தின் மேல் மட்டும் விரலை வைத்துக்கொண்டு கீழே வாருங்கள். 01, 02, 03 எத்தனை? 10, 11, 12 எத்தனை?

ஒரு பள்ளியின் ஓராண்டுப் பட்டியல் மிகச் சிறியது, அதில் எதுவும் தெரியாமல் போகலாம். நாலைந்து ஆண்டுப் பட்டியலைச் சேர்த்துப் பாருங்கள். மாநில அளவுக்குப் போன குழுவின் பட்டியல் கிடைத்தால் இன்னும் நல்லது. மேலே போகப் போக ஆண்டின் முதல் பாதியில் பிறந்த பிள்ளைகள் கூடுவதற்கும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் குறைவதற்கும் வாய்ப்பு அதிகம். உலகில் பல நாடுகளில், பல விளையாட்டுகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். இதற்குச் சார்பு வயது விளைவு என்று பெயர்.

பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. நம் நாட்டுப் பள்ளி விளையாட்டில் வயதுப் பிரிவு, பிறந்த ஆண்டை வைத்து அமைகிறது. எம்.எஸ்.எஸ்.எம். என்று எல்லாரும் சொல்லும் மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றத்தில் 12 வயதுக்குக் கீழ், 15 வயதுக்குக் கீழ், 18 வயதுக்குக் கீழ் என்று பிரிவுகள் உண்டு. ஜனவரி 2-ஆம் தேதி பிறந்த பையனும் டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்த பையனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். தாளில் ஒரே வயது, உடம்பில் ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம். நாற்பது வயதுக்காரருக்கு ஒரு வருடம் ஒன்றுமே இல்லை. ஒன்றாம் ஆண்டில் படிக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கோ அது இதுவரை வாழ்ந்த காலத்தில் ஏழில் ஒரு பங்கு. பருவமடையும் முன் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். ஜனவரிப் பையனுக்கு அந்த உயரம் கூடுதலாக இருக்கும், கொஞ்சம் எடையும் இருக்கும். பந்தை உதைத்துப் பழகிய நாட்களும் ஒரு வருடம் அதிகம்.

சரி, அதனால் என்ன, வளர்ந்தால் சரியாகிவிடாதா? உடம்பு சரியாகிவிடும். தேர்வு சரியாவதில்லை. மூன்றாம் ஆண்டில் திடலில் ஐம்பது பிள்ளைகளை ஓடவிட்டுப் பதினைந்து பேரை எடுக்கிறோம். எடுபட்ட பையனுக்குச் சீருடை கிடைக்கிறது, வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி கிடைக்கிறது, வேன் ஏறி ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் போய் நல்ல பள்ளிகளுடன் மோதும் அனுபவம் கிடைக்கிறது. திங்கட்கிழமைச் சபைகூடலில் தலைமையாசிரியர் பெயர் சொல்லிக் கைதட்ட வைக்கிறார். எடுபடாத பையன் அந்த நேரத்தில் வீட்டில் கைப்பேசியுடன் இருக்கிறான். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் முதலாமவன் உண்மையிலேயே சிறந்த ஆட்டக்காரன். “நான் அன்றைக்கே சொன்னேன் பார்த்தீர்களா, இவன் தேறுவான் என்று” என்பார் பயிற்றுநர். அவர் சொன்னது பலித்துவிட்டது. ஆனால் பலிக்க வைத்ததும் அவரே. இந்தக் கருத்தில் நான் மிக முக்கியமாக நினைப்பது இந்தச் சுழற்சியைத்தான். சிறு வித்தியாசத்தைப் பார்த்து முடிவெடுக்கிறோம், அந்த முடிவே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கிவிடுகிறது.

இது முதலில் வெளிச்சத்துக்கு வந்தது கனடாவில். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் அந்நாட்டு இளையோர் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை எண்ணி, 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கேயும் வயதுக் கோடு ஜனவரி 1. முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்களைவிடப் பல மடங்கு இருந்தார்கள். குளிர்நாட்டில் ஜனவரியில் பிறந்தால் ஹாக்கி ரத்தம் ஓடும் போலிருக்கிறது என்று யாராவது கிண்டல் செய்திருக்கலாம். அந்தக் கிண்டலுக்குப் பெல்ஜியத்தில் பதில் கிடைத்தது. அங்கே இளையோர் காற்பந்தின் வயதுக் கோடு ஆகஸ்ட் 1-ஆக இருந்தது. அப்போது ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் பிறந்தவர்கள்தான் குழுக்களில் நிறைந்திருந்தார்கள். 1997-இல் கோட்டை ஜனவரி 1-க்கு மாற்றியதும் அந்த இடத்தை ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆக, ராசியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. கோடு நகர்ந்தது, திறமைசாலிகளும் கூடவே நகர்ந்துவிட்டார்கள்!

பிறந்த மாதமே தலையெழுத்து என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். நம் பேராக்கின் பாகான் செராயில் பிறந்து மூன்று ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற லீ சோங் வெய் அக்டோபர்ப் பிள்ளை. எட்டு முறை உலக ஸ்குவாஷ் பட்டம் வென்ற நிக்கோல் டேவிட் ஆகஸ்ட்டில் பிறந்தவர். பிந்திப் பிறந்தவர்களால் முடியாது என்று யாரும் சொல்லவில்லை. அவர்களில் பலர் தங்களால் முடியுமா என்று பார்க்கும் வாய்ப்பு வருவதற்குள்ளேயே வெளியேறிவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். இன்னொன்றும் உண்டு: உடல் பருமனும் உயரமும் உதவாத விளையாட்டுகளில் இந்த விளைவு மங்கிவிடும். ஜிம்னாஸ்டிக்கில் சின்ன உடம்பு வரம்.

உடம்புக்கு ஒரு தனி வயது

மாதக் கணக்கு இதில் பாதிதான். மறு பாதி இன்னும் பெரியது. ஒரே நாளில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஆறாம் ஆண்டு வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பி, குரல் உடைந்திருக்கும். பக்கத்து மேசைக்காரன் இன்னும் பால் முகத்துடன் இருப்பான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், எலும்பு முதிர்ச்சியை வைத்துப் பார்த்தால், ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள் நாலைந்து ஆண்டு வரை வித்தியாசம் இருக்கலாம். டிசம்பரில் பிறந்தவன் சீக்கிரம் வளர்ந்துவிட்டால் ஜனவரிக்காரனைத் தாண்டியும் நிற்பான்.

மிக வேகமாக உயரம் கூடும் காலத்தை வளர்ச்சிப் பாய்ச்சல் என்போம். சராசரியாகப் பெண் பிள்ளைகளுக்கு 12 வயதையொட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதையொட்டியும் அது உச்சத்துக்கு வரும். சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் முந்தும், சிலருக்குப் பிந்தும். இரண்டும் இயல்புதான். உச்சத்தில் ஓர் ஆண்டில் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்கூட வளர்வார்கள். பையன்களுக்கு அதன் பின்னால் தசையும் பலமும் வேகமாக ஏறும். ஆகவே 12 வயதுப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்துக்கு நாம் பிடிக்கும் ஸ்டாப்வாட்ச் திறமையை மட்டும் அளக்கவில்லை. யாருக்குப் பருவம் முதலில் வந்தது என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. நட்டு ஆறு வருடம் ஆகிவிட்டது என்பதற்காக ரப்பர் மரத்தில் பால் வெட்டத் தொடங்குவதில்லை. ஒன்றரை மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி நாடா பிடித்து, 45 சென்டிமீட்டர் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கத்தி வைப்பார்கள். ஒரே நாளில் நட்ட நிரையில் சில மரம் முந்தும், சில மரம் பிந்தும். இங்கிலாந்தின் பிரிமியர் லீக் கழகங்களின் இளையோர் பயிற்சிக்கூடங்களில் பிள்ளைகளுக்கும் இப்படியொரு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். பிறந்த ஆண்டை விட்டுவிட்டு, வளர்ந்த பிறகு வரக்கூடிய உயரத்தில் எத்தனை விழுக்காட்டை இப்போது எட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக் குழு பிரித்து ஆடவிட்டார்கள். முந்தி வளர்ந்த பிள்ளைகள் முதல் முறையாகத் தங்களுக்குச் சமமான உடம்புடன் மோத வேண்டியிருந்தது. இடித்துத் தள்ளிப் பந்தைப் பறிக்க முடியாமல் யோசித்து ஆட நேர்ந்தது. பிந்தி வளர்பவர்களுக்குத் தங்கள் கால்வேலையைக் காட்ட இடம் கிடைத்தது.

வீட்டிலேயே ஒரு தோராயக் கணக்குப் போடலாம். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டுங்கள். பையன் என்றால் 13 சேர்த்து, பெண் என்றால் 13 கழித்து, இரண்டால் வகுங்கள். அப்பா 170, அம்மா 157 என்றால் மகனுக்கு வருவது 170 சென்டிமீட்டர். இது குறி சொல்வது இல்லை, எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம். ஆனாலும் யோசிக்க உதவும். 170-க்குப் போகக்கூடிய பையன் 12 வயதில் 142 சென்டிமீட்டர் இருந்தால் 84 விழுக்காடுகூட எட்டவில்லை. பாய்ச்சல் இன்னும் வரவேண்டியிருக்கிறது. அதே 170-க்குப் போகிறவன் இப்போதே 160 இருந்தால் 94 விழுக்காடு முடிந்துவிட்டது, இப்போது அவனிடம் தெரியும் வேகத்தில் பாதி அந்த உடம்பு கொடுத்த கடன். இந்த இருவரையும் ஒரே கோட்டில் ஓடவிட்டு, முந்தினவன் திறமைசாலி, பிந்தினவன் தேறமாட்டான் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பாய்ச்சல் வரும்போது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையைக் காலையில், காலணி இல்லாமல், சுவரோடு நிறுத்தி உயரத்தைக் குறித்துவையுங்கள். காலையில்தான் அளக்க வேண்டும், மாலைக்குள் முதுகெலும்பு அமுங்கி ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்துவிடும். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டர் கூடினால் பாய்ச்சல் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக் காலணி நாலு மாதத்தில் பத்தாமல் போவதும் ஓர் அறிகுறிதான், பாதம் முதலில் வளரும். அப்புறம் கால், கடைசியில்தான் உடல்.

இந்தக் காலத்தில் நேற்றுவரை அழகாகப் பந்தைக் கட்டுப்படுத்திய பிள்ளை திடீரென்று தடுமாறும். பூப்பந்தில் தப்பாமல் அடித்த கை இறகுப்பந்தைத் தவறவிடும். நீண்டுவிட்ட கை கால்களுக்கு மூளை மறுபடி பழகவேண்டியிருக்கிறது. “என்னடா, சோம்பேறி ஆயிட்டியா? கைப்பேசியைப் பிடுங்கிப்போட்டால்தான் சரிப்படுவாய்” என்று திட்டும் அப்பாக்கள் இதைத் தெரிந்துகொண்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

வலியும் வரும். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலித்தால் அது பெரும்பாலும் ஆஸ்குட்–ஷ்லாட்டர். குதிகாலின் பின்புறம் வலித்து, பிள்ளை நுனிக்காலில் நடந்தால் செவர். இரண்டும் தொற்றுநோய் இல்லை. இன்னும் முற்றாத எலும்பு முனையைத் தசைநார் திரும்பத் திரும்ப இழுப்பதால் வருவது. குதித்தல், வேக ஓட்டம், கெட்டித் தரையில் பயிற்சி ஆகியவற்றைக் கொஞ்ச நாள் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். வலியோடு ஓடினால்தான் வீரன் என்று தைலம் தடவி அனுப்ப வேண்டாம். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, வீக்கம், நொண்டி நடை, காய்ச்சல் இருந்தால் அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். அது வளர்ச்சி வலிதான் என்று நாமாகவே முடிவு செய்யக்கூடாது.

பெண் பிள்ளைகள் கதை வேறு

பெண் பிள்ளைகளுக்குப் பாய்ச்சல் முதலில் வருவதால், நான்காம், ஐந்தாம் ஆண்டில் பையன்களையும் முந்தி ஓடும் பெண்கள் நிறையப் பேர் உண்டு. பாய்ச்சல் உச்சத்தைத் தாண்டி ஏறக்குறைய ஒரு வருடத்தில் வயதுக்கு வருவார்கள். இடுப்பு அகலமாகும், எடை கூடும், ஓட்ட நேரம் சிறிது காலம் அப்படியே நிற்கும் அல்லது பின்தங்கும். உடம்பு புதிய அளவுக்குப் பழகினதும் பயிற்சிக்குத் தக்கபடி மறுபடி முன்னேறும். ஆனால் நம் வீடுகளில் அந்த இடைவெளியில்தான் கதவு மூடுகிறது. சடங்கு முடிந்த கையோடு “போதும், இனிமேல் திடலுக்கெல்லாம் எதுக்கு” என்று பாட்டி சொல்வார், அம்மாவுக்கு மறுத்துப் பேச முடியாது. நேரமும் குறைந்துவிட்டதால் பயிற்றுநரும் பெரிதாக வற்புறுத்தமாட்டார். இப்படி மூன்று பேர் மூன்று காரணத்துக்காகச் சும்மா இருக்க, பிள்ளை நின்றுவிடுகிறாள்.

இதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். குட்டைக் கால்சட்டைக்குப் பதிலாக முழுநீளக் காற்சட்டைக்கு அனுமதி, மாதவிடாய் நாளில் காரணம் கேட்காமல் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளும் உரிமை, திடலோரம் ஓர் ஆசிரியையோ அக்காவோ இருப்பது, பூட்டும் தண்ணீரும் உள்ள கழிப்பறை. இவை இருந்தாலே வீட்டில் பேசுவது எளிதாகிவிடும். நேரம் ஏன் நின்றுவிட்டது என்பதைப் பிள்ளையிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் தன்னிடம் திறமை தீர்ந்துவிட்டது என்றே அவள் நினைத்துக்கொள்வாள்.

பயிற்றுநர் கையில் இருப்பது

நெதர்லாந்தில் 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பி.எஸ்.வி. ஐந்தோவன் காற்பந்துக் கழகத்தின் ஆட்டக்காரர் தேர்வாளர்களை இளையோர் ஆட்டம் பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள். பிள்ளைகளின் வயதைப் பற்றி எதுவும் சொல்லாதபோது, மூத்த பிள்ளைகள் பக்கமே அவர்கள் சாய்ந்தார்கள். பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்தும் சாய்வு போகவில்லை. சட்டை எண்ணை வயது வரிசைப்படி கொடுத்து, எண் எதைக் குறிக்கிறது என்று சொன்னபோதுதான் சாய்வு நீங்கியது. தெரிந்துவைத்திருப்பது வேறு, ஆட்டம் நடக்கும்போது கண்முன் இருப்பது வேறு. நம் பள்ளியிலும் தேர்வு நாளன்று ஜனவரிப் பிள்ளைக்கு 1, டிசம்பர்ப் பிள்ளைக்கு 20 என்று காகிதத்தில் எழுதி முதுகில் குத்திவிட்டால் போதும், செலவு ஓர் ஊசிப்பெட்டிதான்.

அப்புறம், முந்தி வளர்ந்தவனைப் பற்றியும் கவலைப்படவேண்டும். அவனுக்கு எல்லாம் சாதகம் என்று நினைத்துவிடுகிறோம். பின்னாலிருந்து பந்தை வாங்கி, நேராக ஓடி, இடித்துத் தள்ளிக் கோல் போட்டே இரண்டு வருடத்தை ஓட்டிவிடுவான். நமக்கும் கோப்பை கிடைத்துக்கொண்டிருக்கும். பதினைந்து வயதில் மற்றவர்கள் உயரத்தில் எட்டிப்பிடித்ததும் அவனிடம் வேறு சரக்கு இருக்காது. அவனை அவ்வப்போது பெரிய பையன்களோடு பயிற்சியில் விடுங்கள், இடதுகாலால் மட்டும் உதைக்கச் சொல்லுங்கள். மீசை வந்துவிட்டது என்பதற்காகப் பதினாறு வயதுக்காரனைத் திட்டுவதுபோல் திட்டவும் வேண்டாம், உள்ளே இருப்பது பன்னிரண்டு வயதுதான்.

தோட்டப்புறச் சிறு பள்ளிகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு, அதைக் குறையாக நினைத்துப் புலம்புகிறோம். 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளியில் யாரையும் கழித்துவிட முடியாது. நான்காம் ஆண்டுப் பிள்ளையும் ஆறாம் ஆண்டுப் பிள்ளையும் சேர்ந்தால்தான் ஒரு குழுவே தேறும். இன்று காற்பந்து, நாளை அஞ்சல் ஓட்டம், மறுவாரம் குறுக்கோட்டம் என்று ஒரே பிள்ளை எல்லாவற்றிலும் நிற்கும். வயது கலந்து ஆடுவதும், பல விளையாட்டு ஆடுவதும் வளரும் உடம்புக்கு நல்லவை. நகரத்தில் இதற்காகவே பணம் கட்டி அனுப்புகிறார்கள்.

பெற்றோர் பங்குக்கு அதிகம் சொல்லப்போவதில்லை. “சார், என் மகனை ஏன் எடுக்கல?” என்று கேட்பதற்குப் பதிலாக “சார், அடுத்த தேர்வுக்கு முன்னால அவன் எதைப் பழகணும்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆசிரியருக்கும் வசதி, மகனுக்கும் ஒரு வேலை கிடைக்கும். திடலோரத்தில் நின்று அடுத்தவர் பிள்ளையைக் ‘கட்டை’ என்றும் ‘தடியன்’ என்றும் கூப்பிடாதீர்கள். அந்தப் பிள்ளையின் அம்மா இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பார். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, “என் மகன் நவம்பர், அதனால்தான்” என்று எல்லாத் தோல்விக்கும் ஒரே காரணம் சொல்லவும் வேண்டாம். பயிற்சிக்கு வராதவனை எந்த மாதமும் காப்பாற்றாது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்மையான கண்டம் படிவம் ஒன்றில். புதிய இடைநிலைப்பள்ளியில் நூறு இருநூறு முகங்கள், பழைய ஆசிரியர் கிடையாது. பயிற்சி முடிந்து எஸ்டேட்டுக்குத் திரும்பப் பேருந்தும் கிடையாது. பையன்களில் பாதிப் பேருக்குப் பாய்ச்சல் இன்னும் வந்திருக்காத வயது அது. அந்த நேரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று இருக்கிறது. ஆறாம் ஆண்டு முடியும்போது, பள்ளிக் குழுவில் இடம் கிடைக்காத ஆனால் கால்வேலையும் ஆர்வமும் உள்ள மூன்று நான்கு பிள்ளைகளின் பெயரை, பிறந்த மாதத்தோடும் உயரத்தோடும் ஒரு தாளில் எழுதி, இடைநிலைப்பள்ளி விளையாட்டுப் பொறுப்பாசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பெற்றோர் பக்கம், ஒரே எஸ்டேட்டுப் பிள்ளைகள் மூவர் சேர்ந்தால் பயிற்சி நாளில் ஒரு வேன் பேசிவிடலாம். ஜனவரியிலேயே பேசிவிடுங்கள். பிப்ரவரிக்குள் வேன்காரர்கள் எல்லாரும் டியூஷன் பிள்ளைகளுக்கு ஒப்புக்கொண்டிருப்பார்கள்.